சொந்தக் கையால் பிடித்த மீன்

கனகேஸ்வரி தன் கணவர் சிவபாதசுந்தரத்துக்கு இழைத்த அநியாயங்கள் பல. அவற்றை அவர் மனதுக்குள் ஆண்டு வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தார். தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர். குற்றச்சாட்டுகளை முன்பின் மாற்றிச் சொன்னால் முதலாளி இடையில் புகுந்து தப்பிவிடுவான் என்பது அவருக்குத் தெரியும்.

முதலாவது அநியாயம் எழுபத்தோராம் ஆண்டு, கலியாணத்தன்று நடந்தது. ஐயர் வேண்டாம், ஓமம் வேண்டாம், மேளம் வேண்டாம், பதிவுத் திருமணம் ஒன்றே போதும் என்று அவர் ஒரு துண்டுப்பிரசுரமே அச்சடித்துப் பெண்வீட்டாருக்கு அனுப்பியிருந்தார். பெண்ணுக்குச் சம்மதம் என்று பதிலும் வந்தது. போய் இறங்கினால் ஐயர் இருந்தார், ஓமம் எரிந்தது, மேளம் இரண்டு கூட்டம். "இது என்ன?" என்று மணவறையில் குனிந்து கேட்டார். "இது அப்பாவின்ர பகுதி. பதிவு பின்னேரம். அது உங்கட பகுதி, நீங்கள் அதை வடிவா நடத்துங்கோ" என்றாள் மணப்பெண். இருவரும் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவை.

இரண்டாவது, எண்பதாம் ஆண்டு. வேலைநிறுத்தத்தில் அவருக்கு வேலை போனது. சொந்தபந்தம் முழுக்க அவரைத் திட்டியது. கனகேஸ்வரி ஒரு சொல் சொல்லவில்லை. தன் பள்ளிக்கூடச் சம்பளத்தில் அடுப்பெரித்து, மூன்று நேரமும் சோறு போட்டு, வருஷக்கணக்காக வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். பதிலைத் தயாராகவே வைத்திருந்தார். பதில் சொல்ல இடம் கொடுக்காத அப்படியொரு அடக்குமுறையை அவர் எந்த முதலாளியிடமும் கண்டதில்லை.

மூன்றாவது, எண்பத்துநாலு. அதற்கு முந்திய ஆடிக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்குள் புகுந்தவர்கள் றேடியோவைத் தூக்கினார்கள், தையல் மெசினைத் தூக்கினார்கள், கதிரைகளை றோட்டில் போட்டு எரித்தார்கள். அவருடைய துண்டுப்பிரசுரப் பெட்டியைத் திறந்து பார்த்து, திரும்ப மூடி வைத்துவிட்டுப் போனார்கள். கலகக்காரர் விட்டுவைத்ததைக் கனகேஸ்வரி விட்டுவைக்கவில்லை. மறுவருஷம் கடலைக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டாள். ஒரு பின்னேரம் கடற்கரையில் கடலை வாங்கித் தின்று முடித்துச் சுருளைப் பிரித்தவர், "தோழர்களே, இனியும் பொறுப்பதோ?" என்று தன் வசனத்தைத் தானே வாசித்தார். கடலை நல்ல சூடாக இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும்.

நான்காவது அநியாயம்தான் இந்தக் கதை. அது மீன்.

கனகேஸ்வரி பிறந்ததிலிருந்தே சைவச் சாப்பாடு. ஆனாலும் கலியாணமான புதிதில் அவருக்கு மீன் சமைத்துக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை. பிறகு செவ்வாய்க்கிழமை போனது. திங்கள், சோமவாரம் என்று போனது. வியாழன் குருபகவானுக்குப் போனது. அவருக்கு ஏழரைச் சனி பிடித்தபோது சனிக்கிழமை போனது. சனி விட்ட பிறகும் கிழமை திரும்பி வரவில்லை. ஞாயிறு அவளுடைய அக்கா குடும்பம் சாப்பிட வரும், அவர்களும் சைவம். கடைசியில் புதன்கிழமை ஒன்றுதான் தனித்து நின்று போராடியது. தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒரு புதன்கிழமை, சோற்றுக் கோப்பையில் மீனுக்குப் பதிலாகப் பூசணிக்காய் கிடந்தது.

"என்ன இது?"

"இனி இந்த வீட்டில மீன் வாங்கிறேல்லை."

"ஏன்?"

"நாட்டு நிலைமை."

அந்தச் சொல்லை மட்டும் அவரால் சகிக்க முடியாது. கூட்டம் கூடக்கூடாது என்றாலும் நாட்டு நிலைமை. சம்பளம் கூட்டமாட்டோம் என்றாலும் நாட்டு நிலைமை. அரசாங்கத்திடமிருந்து அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுக் களைத்து வீட்டுக்கு வந்தால், அடுப்படியிலும் அதுவே உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் சிவபாதசுந்தரம் சட்டத்தின் ஓட்டைகளுக்குள் முப்பது வருஷம் குடியிருந்தவர். பூசணிக்காயை மென்றுகொண்டே யோசித்தார். அப்போது கீழ் வீட்டுக் கொன்ஸ்ரன்ஸ் கறிவேப்பிலை கேட்டு மேலே வந்திருந்தாள். சாட்சிக்கு ஆள் கிடைத்தது.

"இஞ்சரும். வாங்கிறேல்லையெண்டுதானே சொன்னனீர்?"

"ஓம்."

"அப்ப பிடிச்ச மீன்?"

"ஆர் பிடிக்கிறது?"

"நான்."

கொன்ஸ்ரன்ஸ் கறிவேப்பிலையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கனகேஸ்வரி சிரிக்கவில்லை. அகப்பையைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"உங்கட சொந்தக் கையால ஒரு மீன் பிடிச்சுக்கொண்டு வாங்கோ. நான் என்ர கையால சமைச்சு உங்கட கோப்பையில போடுறன்."

"இன்னொருக்காச் சொல்லும். கொன்ஸ்ரன்ஸ், கேட்டுக்கொள்ளும்."

அவள் இன்னொருமுறை சொன்னாள். இருபத்தைந்து வருஷத்தில் நிர்வாகம் ஒப்புக்கொண்ட முதல் கோரிக்கை. அன்றிரவு அவர் பூசணிக்காயை இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டார்.

மீன் பிடிப்பதுதான் பாக்கி. வெள்ளவத்தைக் கடலோரம் தூண்டிலோடு நின்றால், யாருக்கு என்ன சைகை காட்டுகிறாய் என்று ஆமிக்காரர் கேட்பார்கள். ஆகவே கால்வாய்க்குப் போனார். பாலத்துச் சென்றிக் காவலரணில் நின்ற ஆமிப் பெடியன் நாள் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவருக்கு ஒற்றைச் செருப்பு ஒன்று அகப்பட்டது. அடுத்த நாள் அதன் சோடியும் அகப்பட்டது. பெடியன் கை தட்டினான்.

"ஐசே, மீன் பிடிக்கிறதெண்டா மலைநாட்டுக்கு வாரும்" என்றார் கொன்ஸ்ரன்ஸின் கணவர் வின்சன்ற். அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து, தேயிலைக் கொம்பனி ஒன்றில் கிளாக்கராக இருந்து, தோட்டந்தோட்டமாகத் திரிந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன நீளத் தூண்டில் தடி அவருடைய கட்டிலுக்குக் கீழே கிடந்தது. "அம்பேவெலப் பக்கம் ஒரு ஓடை இருக்கு. ட்ரவுட் ஓடுது. துரைமார் கொண்டந்து விட்ட மீன். பெர்மிட் எடுத்துத் தாறன்."

ஏகாதிபத்தியம் விட்டுப்போன மீனைப் பிடிப்பது கொள்கைக்குப் பொருந்துமா என்று சிவபாதசுந்தரம் சிறிது யோசித்தார். பறிமுதல் என்று வைத்துக்கொண்டால் பொருந்தும்.

புறப்படும்போது கனகேஸ்வரி ஒரு கம்பளிக் குல்லாயை நீட்டினாள். காதையும் கழுத்தையும் மூடுகிற மங்கிக் குல்லாய்.

"நாளைக்கு ஒருநாள்தானே. இது தேவையில்லை."

"போடுங்கோ."

போட்டுக்கொண்டார்.

இரவு ரயிலுக்குப் போனபோது கொழும்புக் கோட்டை ஸ்ரேசன் வாசலில் சோதனை. நீளமான துணிப்பையைக் கண்டதும் சிப்பாய் இரண்டடி பின்னால் போனான். "மே மொகத?" என்றான், இது என்ன என்று. வின்சன்ற் கொழும்புச் சிங்களத்தில் அது தூண்டில் தடி என்று விளக்கினார். தடி வெளியே வந்தது, பொருத்தப்பட்டது, சுழற்றப்பட்டது. வெள்ளவத்தைக் கடலில் மீன் இல்லையா என்று சிப்பாய் கேட்டான். கடலில் உண்டு, வீட்டில்தான் தடை என்றார் சிவபாதசுந்தரம். சிப்பாய் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தான், குல்லாயைப் பார்த்தான். "அப்பே கெதரத் எஹெமய்" என்றான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பையைத் தானே கட்டிக் கொடுத்து அனுப்பினான். இனப்பிரச்சினைக்கு எங்கிருந்து பேச்சுவார்த்தை தொடங்கலாம் என்று ரயில் கண்டி போகும்வரை சிவபாதசுந்தரம் யோசித்துக்கொண்டு போனார்.

ஓடை, பெரிய ஓடையல்ல. புல்வெளிக்கு நடுவே, தேயிலைச் சாயம் போன்ற தண்ணீர் கல்லுக்குக் கல் தாவி இறங்கிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் கரையைக் குடைந்து ஆழமாக நின்றது. வின்சன்ற் நூலின் நுனியில் இறகால் செய்த ஒரு பொய்ப் பூச்சியைக் கட்டினார்.

"புழு போடேல்லையோ?"

"ட்ரவுட்டுக்குப் பொய்ப் பூச்சிதான். தண்ணிக்கு மேல பறக்கிற மாதிரிக் காட்டினா வாயைத் திறக்கும்."

"எங்கட வாக்காளர் மாதிரி."

"சத்தம் போடாதையும், ஐசே. மீனுக்குக் கேக்கும்." சொல்லிவிட்டு வின்சன்ற் புல்லில் சாய்ந்து தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டார்.

அன்று முழுக்க சிவபாதசுந்தரம் பொய்ப் பூச்சியைக் காட்டினார். மீன்கள் பகிஷ்கரித்தன. பூச்சி ஒருதரம் புல்லில் மாட்டியது, ஒருதரம் வின்சன்றின் தொப்பியில் மாட்டியது, பலதரம் மங்கிக் குல்லாயில் மாட்டியது. பொழுது சாய்ந்தது. கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும். வெறுங்கையோடு படியேறினால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் பயம்.

நுவரெலியா ரவுணில் ஒரு ரெலிபோன் கடைக்குள் நுழைந்தார்கள். இரண்டு பெட்டிகள். வின்சன்ற் ஒன்றுக்குள் போனார். சிவபாதசுந்தரம் மற்றதற்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"கனகேசு, பயப்பிடாதையும்."

"ஏன், என்ன நடந்தது?"

"செக்கிங்கில மறிச்சுப்போட்டாங்கள். விசாரிக்கிறாங்கள். நாளைக்குத்தான் விடுவாங்களாம்."

"வின்சன்ற் அண்ணையையுமோ?"

"அவரையும்தான்."

"போன் எடுக்க விட்டவங்களோ?"

இந்தக் கேள்விக்கு அவர் தயாரித்து வரவில்லை. "ஒருத்தன் நல்லவன்" என்றார்.

"சரி. குல்லாயைக் கழட்டாதேங்கோ."

போனை வைத்தபோது நெஞ்சு நிறைந்திருந்தது. கொழும்பில் எந்தத் தமிழ் மனைவியும் மேற்கொண்டு கேள்வி கேட்க முடியாத காரணம் அது. அடுத்த பெட்டிக்குள் வின்சன்ற் கொன்ஸ்ரன்ஸோடு சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருப்பது கண்ணாடியால் தெரிந்தது. தெரிந்தும் அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மறுநாள் காலை, பனி கலையாத நேரம், அது நடந்தது.

பொய்ப் பூச்சி குடைந்த கரைக்குப் பக்கத்தில் விழுந்தது. விழுந்த இடத்தில் தண்ணீர் ஒரு மடிப்பு மடிந்தது. அவ்வளவுதான். அடுத்த கணம் தடி வளைந்து நுனி ஓடைக்குள் போனது. நூல் சுற்றிய சில்லு கிர்ரென்று கத்தியது. சிவபாதசுந்தரம் இழுத்தார். மீனும் இழுத்தது. அவர் காலிமுகத்திடல் கூட்டத்தில் பொலிஸ்காரர் இருவர் இழுத்தும் அசையாதவர். இப்போது இரண்டு காலும் சறுக்கி இடுப்பளவு தண்ணீருக்குள் நின்றார். உள்ளங்காலிலிருந்து புறப்பட்ட குளிர் பல்லில் போய் முடிந்தது.

"வின்சன்ற்" என்று கூப்பிட்டார்.

தொப்பி அசைந்தது. "இழுத்தா விடும், ஐசே. களைச்சா சுத்தும்."

"எவ்வளவுக்கு விடுறது?"

"தான் வெண்டிட்டனெண்டு அது நினைக்குமளவுக்கு."

விட்டார். மீன் கீழ்நோக்கி ஓடியது. கல்லுக்குப் பின்னால் போய் நின்றது. சுற்றினார். மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே எழும்பியது. அப்போதுதான் முழுதாகக் கண்டார். செப்பு நிறம், விலாவெல்லாம் கறுப்புப் புள்ளி, இடையிடையே சிவப்பு. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வரும், மிச்சமும் வரும். கன்னம் இறுகி, கீழ்த்தாடை முன்னே தள்ளி, தான் தோற்கவில்லை என்று சொல்லும் முகம். அவருக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்தது.

ஓட விட்டார், சுற்றினார். திரும்பவும் விட்டார், சுற்றினார். கை மரத்துப் போனது. கடைசியில் மீன் ஒரு பக்கம் சாய்ந்து, வெள்ளை வயிறு காட்டி, அவருடைய இடுப்புக்குப் பக்கத்தில் வந்து மூச்சு வாங்கியது. வலை வின்சன்றின் தலைக்குக் கீழே தலையணையாக இருந்தது. சிவபாதசுந்தரம் ஒரு கையால் குல்லாயைப் பிடுங்கினார். அதன் வாயை அகல விரித்து, மீனின் தலைக்குக் கீழால் கொடுத்து, காதுவரை இழுத்து மூடி, அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையில் விழுந்தார்.

மீனும் அவரும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார்கள். யார் கூடுதலாக மூச்சு வாங்கினார்கள் என்று சொல்ல முடியாது.

வின்சன்ற் எழும்பி வந்து குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "என்ர துரை இருபது வருஷத்தில இப்பிடி ஒண்டைப் பிடிக்கேல்லை, ஐசே" என்றார்.

ரெஜிபோம் தக்கைப் பெட்டியில் ஐஸ் போட்டு, புல்லால் மூடி, மீன் கொழும்புக்குப் பயணமானது. கோட்டையில் பெட்டியைத் திறந்த சிப்பாய் மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினான். ஒருத்தனும் அடையாள அட்டை கேட்கவில்லை. அந்த வருஷம் கொழும்புக்குள் சந்தேகமில்லாமல் நுழைந்த ஒரே தமிழர் தான்தான் என்று சிவபாதசுந்தரம் நம்பினார்.

வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து சேரப் பின்னேரமாகிவிட்டது. கனகேஸ்வரி முழுகி, ஈரக் கூந்தலை முடிந்து, பட்டுச்சேலை உடுத்து நின்றாள். பக்கத்தில் கொன்ஸ்ரன்ஸ். அவர் பெட்டியைத் திறந்தார். பேசத் தேவையில்லாத சந்தர்ப்பம் அவருடைய வாழ்க்கையில் முதன்முறையாக வந்திருந்தது.

"வடிவான மீன்" என்றாள் கனகேஸ்வரி. தொடாமல் எட்ட நின்றே பார்த்தாள். "உங்களை ஒண்டும் செய்யேல்லையே?"

"ஆர்?"

"மறிச்சு வைச்சவங்கள்."

"ஓ... இல்லை. விசாரிச்சாங்கள்."

"என்ன கேட்டவங்கள்?"

"பழைய கதையள். சங்கம், ஸ்ரைக்... பேர் கேட்டாங்கள், ஆர் ஆர் சேர்ந்து நிண்டதெண்டு."

"நீங்கள் சொன்னனீங்களோ?"

"நான் சொல்லுவனோ?"

வின்சன்ற் கூரையில் ஓடிய பல்லியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சரியாப் பயந்து போனன்" என்றாள் கனகேஸ்வரி. "நேர்த்திக்கடன் வைச்சிட்டன். சேதமில்லாம வீடு வந்து சேர்ந்தா ஒரு வருஷத்துக்கு மச்சம் தொடுறேல்லையெண்டு."

சிவபாதசுந்தரம் மனதுக்குள் சிரித்தார். பிறந்ததிலிருந்தே மீன் மச்சம் வாயில் வைக்காதவள், முருகனுக்கு ஒரு வருஷம் மச்சம் விடுகிறாளாம். முதலாளிமார் தருமத்துக்குக் கொடுக்கிற நன்கொடை எல்லாம் இந்த வகைதான். ஆனால் வென்றவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும்.

"வைச்ச நேர்த்தியைச் செய்யத்தான் வேணும்" என்றார். "சொன்ன சொல்லுத் தப்பக்கூடாது. எனக்குச் சாமியில நம்பிக்கையில்லை. சொல்லில இருக்கு."

"அப்ப முதல் கோயில். மீனைத் தொட்டிட்டுக் கோயிலுக்குப் போகேலாது. போயிட்டு வந்து சமைக்கிறன். நீங்களும் குளிச்சிட்டு வாங்கோ. உயிர் தப்பினது நீங்கள்தானே."

ஐம்பத்தெட்டாம் ஆண்டுக்குப் பிறகு கோயிலுக்குள் காலடி வைக்காதவர். பெட்டியைப் பார்த்தார். ட்ரவுட் அவரைப் பார்த்தது. போய்க் குளித்தார். கொன்ஸ்ரன்ஸ் மீனைக் கழுவி வைக்க நின்றுகொண்டாள். வின்சன்ற் துணைக்கு வந்தார்.

சந்திக் கோயிலில் மாலைப் பூசை. சேர்ட்டைக் கழற்றி, சால்வையை இடுப்பில் கட்டி, வெறும் மார்போடு தூணோரம் நின்றபோது அவருக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த தூணில் நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சங்கத்தின் பழைய பொருளாளர் நாகேந்திரம். இருவரும் ஒருவரையொருவர் கண்டு ஒரே நேரத்தில் திடுக்கிட்டார்கள்.

"தோழர், மனிசிக்காக வந்தனான்" என்றார் நாகேந்திரம்.

"நானும்தான்."

நாகேந்திரம் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "கேள்விப்பட்டன், தோழர். உள்ளுக்கு வைச்சு விசாரிச்சாங்களாம். இந்த வயதில. கனகேஸ்வரி அக்கா நேற்றுக் கோயிலில அழாத குறை."

சிவபாதசுந்தரம் நெஞ்சை நிமிர்த்தினார். வெறும் நெஞ்சு என்பதால் நன்றாகவே நிமிர்ந்தது. "ஒரு பேரும் குடுக்கேல்லை, தோழர்."

நாகேந்திரத்தின் கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற இருவருக்குச் சொன்னார். அவர்கள் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவர்கள் இன்னும் நாலு பேருக்குச் சொன்னார்கள். எண்பதாம் ஆண்டுக்குப் பிறகு அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

ஐயர் அர்ச்சனைத் தட்டோடு வந்தார். "ஆருக்கம்மா நேர்த்தி?"

"இவருக்கு, ஐயா" என்றாள் கனகேஸ்வரி. "ஒரு வருஷம் மச்ச மாமிசம் விலக்கு."

சிவபாதசுந்தரம் குனிந்தார். "இஞ்சரும். நேர்த்தி வைச்சது நீர்."

"வைச்சது நான். காக்கிறது நீங்கள். காப்பாத்தச் சொல்லிக் கேட்டது உங்களையல்லோ. நான் மச்சம் விட்டா முருகனுக்கு அதில என்ன புதுசு?"

"என்னைக் கேக்காம எப்பிடி வைப்பீர்?"

"மறிச்சு வைச்சிருக்கேக்க எப்பிடிக் கேக்கிறது?"

"அந்த மீன்?"

"சொன்னபடி சமைச்சு உங்கட கோப்பையில போடுவன். நீங்கள் அதை வின்சன்ற் அண்ணையின்ர கோப்பைக்கு மாத்திவிடுங்கோ."

"இந்த நேர்த்தி செல்லாது" என்றார்.

"ஏன்?"

"அது... அங்க உண்மையில நடந்தது..."

"ஓம், ஐயருக்குச் சொல்லுங்கோ" என்றாள், குரலை உயர்த்தாமல், தீபத்தைப் பார்த்தபடியே. "ஒருத்தரும் மறிக்கேல்லை, மீன் கடிக்காததால நிண்டனானெண்டு சொல்லுங்கோ. பொய்க்கு வைச்ச நேர்த்தி செல்லாதுதான். இப்பவே அழிச்சுப்போடுவார். நாகேந்திரம் அண்ணையும் கேக்கட்டும்."

"உமக்கு எப்ப தெரியும்?"

"நீங்கள் போனை வைச்ச கையோட. கொன்ஸ்ரன்ஸ் மேல ஏறி வந்து, இவையள் நாளைக்கும் தூண்டில் போடப் போகினமாம் அக்கா எண்டாள். அதுக்குப் பிறகுதான் நான் கோயிலுக்கு வந்தனான்."

அவர் வின்சன்றைத் தேடினார். வின்சன்ற் தூணிலிருந்த யாளியை ஆராய்ந்துகொண்டிருந்தார். நாகேந்திரத்தைப் பார்த்தார். நாகேந்திரம் கைகூப்பி நின்றது சந்நிதியை நோக்கியல்ல, அவரை நோக்கி. பின்னால் வெள்ளவத்தையின் பாதித் தமிழர் கழுத்தை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன ஐயா, ஏதும் சொல்லப் போறியளோ?" என்று கேட்டார் ஐயர்.

ஆயிரக்கணக்கானோருக்கு முன்னால் ஒலிவாங்கியில்லாமல் முழங்கிய வாய் திறந்தது. ஒருமுறை காற்றை விழுங்கியது. மூடிக்கொண்டது.

"ஒண்டுமில்லை."

மணி நின்றது. ஐயர் பூவை அள்ளி, தூணுக்குத் தூண் கேட்கும்படி குரலெடுத்தார்: "விருச்சிக ராசௌ, அனுஷ நக்ஷத்ரே, ஜாதஸ்ய, சிவபாதசுந்தரம் நாமதேயஸ்ய."